பொன்னாடை இருக்கட்டும், அந்தத் தட்டு?

கேள்வி: சிகாகோ புறநகரில் இருபது வருடமாக இருக்கிறோம். ஒரே மகள், 27 வயது. நல்ல ஐடி வேலையை விட்டுவிட்டு, நகரின் தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண்மணி நடத்தும் சின்னப் பத்திரிகையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பிள்ளை ஜெயிலில் இருக்கும் அம்மாக்கள் என்று யாரும் எழுதாத ஆட்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பிப்ரவரியில் அந்த எடிட்டருக்குப் பாராட்டு விழா. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறாள். கணவர் வரமாட்டேன் என்கிறார். நாங்கள் நிறம் பார்க்கிற குடும்பம் இல்லை. அவரை ஒருமுறை வீட்டுக்கே அழைத்துச் சாப்பாடு போட்டோம். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று பேப்பர் தட்டில் வைத்தேன். மகளும் தன் தட்டைத் தள்ளிவிட்டு பேப்பர் தட்டிலேயே சாப்பிட்டாள். அதற்கப்புறம் வேலைப் பளு, வீட்டுக்கு வருவதே இல்லை. மேடையில் என்ன பேசுவது? பொன்னாடை போர்த்தினால் அவர்களுக்குப் புரியுமா?
- பெயர் வேண்டாம், சிகாகோ

பதில்: பிள்ளை ஐடி வேலையை விட்டுவிட்டாள் என்று எனக்கு மாதம் பத்துக் கடிதமாவது வருகிறது. அதை விடுங்கள். தட்டுக்கு வருவோம்.

மகள் 'தன் தட்டை' தள்ளினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவளுக்கு வைத்தது பேப்பர் தட்டு இல்லை. உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் எவர்சில்வரோ பீங்கானோ இருந்திருக்கும். பேப்பர் தட்டு ஒரே ஆளுக்குத்தான். சோறும் சாம்பாரும் ரசமும் ஊற்றிச் சாப்பிட பேப்பர் தட்டில் என்ன வசதி அம்மா? அடியில் கை கொடுத்துத் தாங்கிப் பிடித்தால்தான் உண்டு. வசதி உங்களுக்குத்தான். சாப்பிட்டதும் குப்பையில் போட்டுவிடலாம், கழுவி அடுக்கில் வைக்க வேண்டியதில்லை.

என் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓர் அலுமினியக் குவளை தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். நடவுக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். அப்பத்தா நல்லவள், யாரையும் பசியோடு அனுப்ப மாட்டாள். குவளையைப் பற்றிக் கேட்டால், "அவுகளுக்கு அதான் சவுகரியம்" என்பாள். உங்கள் கடிதத்தில் 'வசதி' என்ற வார்த்தையைப் படித்ததும் அந்தக் குவளைதான் ஞாபகம் வந்தது. கடல் தாண்டிப் போனவர்கள் இதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

வேலைப் பளுவாம்! அவள் வராததற்கு வேறு காரணமே உங்களுக்குத் தோன்றவில்லையா?

நீங்கள் இருக்கும் ஊரிலேயே, டவுன்டவுனுக்குள் நுழையும் காங்கிரஸ் பார்க்வேக்கு 2019-ல் பெயர் மாற்றினார்களே, ஐடா பி. வெல்ஸ் டிரைவ் என்று. எத்தனையோ தடவை அதில் கார் ஓட்டியிருப்பீர்கள். யார் அந்த அம்மாள்? 1862-ல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் அம்மா, அப்பா, கைக்குழந்தைத் தம்பி மூவரையும் கொண்டுபோனது. மிச்சமிருந்த தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக் கொடுக்கப் பெரியவர்கள் பேசியபோது, முடியாது என்று சொல்லி, 16 வயதில் டீச்சர் வேலை பார்த்து அவர்களைக் காப்பாற்றினார். குடும்பக் கடமை என்றால் இதுதான். பிள்ளைக்கு வரும் சம்பளத்தை எண்ணிப் பார்ப்பதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு மெம்ஃபிஸில் பத்திரிகை நடத்தினார். எழுத்துத் தெரியாதவர்களும் அதைக் கேட்டு வாங்குவார்கள். கடைக்காரன் வேறு பேப்பரைத் தலையில் கட்டிவிடக்கூடாது என்று இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்தார். படிக்கத் தெரியாத வாசகரையும் மதித்த பத்திரிகை அது. 1892-ல் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இருவரையும் ஒரு கும்பல் ஜெயிலிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது. மாஸின் மகளுக்கு ஞானத்தாய் ஐடாதான். கொன்றவர்களை எதிர்த்து எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அச்சகத்தை நொறுக்கினார்கள். ஊர் திரும்பினால் கொலை என்று மிரட்டல். கடைசியில் சிகாகோவில் குடியேறி, கல்யாணம் செய்து, நாலு பிள்ளை பெற்று, மூத்ததைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டே கூட்டங்களுக்குப் போனார். 1931-ல் காலமானார். அமெரிக்காவில் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கும் பெரிய விருதான புலிட்சரின் சிறப்புப் பாராட்டு கிடைத்தது 2020-ல். உங்கள் பொன்னாடை மாதிரிதான், சாவகாசமாக வந்தது.

இன்னொருவர் ராபர்ட் அபட். 1905-ல் அதே சிகாகோவில் 25 சென்ட் முதலீட்டில் 'டிஃபெண்டர்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகை பிழைத்ததற்கு அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு முக்கியக் காரணம். தன் வீட்டிலேயே இடம் விட்டுக்கொடுத்தார். தெற்கு மாநிலங்களில் விற்க விடாமல் தடுத்தபோது, ரயிலில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகள் கட்டுக்கட்டாக ஒளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவோ ரயில் சிப்பந்திகளோ மேடையில் நின்று இரண்டு வார்த்தை பேசியதாக நான் படித்ததில்லை.

அதனால் மேடையில் நீங்கள் பேச வேண்டாம். 'நாங்கள் நிறம் பார்க்கிற குடும்பம் இல்லை' என்று அந்த மைக்கில் சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கும் உங்கள் மகள் தலையைக் குனிந்துகொள்வாள். போங்கள், கூட்டத்தில் உட்காருங்கள், கை தட்டுங்கள். பொன்னாடைக்கு எடுத்து வைத்த பணத்துக்கு அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள், வந்ததும் படியுங்கள். சின்னப் பத்திரிகை நடத்துகிறவர் எதிர்பார்ப்பது அதைத்தான், எனக்குத் தெரியும். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒற்றைப் பெண்ணின் வேலையிடத்தை எட்டிப் பார்க்காத அப்பா வேறு எதற்கு இருக்கிறார்?

உங்கள் மகளுக்கும் ஒரு குட்டு உண்டு. ஊரார் அம்மாக்களின் கதையை உட்கார்ந்து கேட்டு எழுதுகிறவள், பெற்ற அம்மாவிடம் "நீ செய்தது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் ஒதுங்கிப் போவதா? சொல்லியிருக்க வேண்டும்.

விழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். மகளுக்குப் போன் போட்டு, எடிட்டரை அழைத்துக்கொண்டு சாப்பிட வரச் சொல்லுங்கள். என்ன சமையல் என்று கேட்பாள். தட்டைப் பற்றி அவளாகக் கேட்கமாட்டாள். அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.