கேள்வி – பதில்: ‘ஸ்டாண்ட் பை மீ’யைச் சுற்றி

பென் ஈ. கிங் பாடி 1961இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’ பற்றியும் அதன் கவர்கள் (மற்றவர்கள் திரும்பப் பாடியவை), ரீமிக்ஸ்கள் (மூலப்பதிவையே மாற்றியமைத்தவை) பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: ‘ஸ்டாண்ட் பை மீ’ காதல் பாட்டா, சாமி பாட்டா? கல்யாணத்திலும் பாடுகிறார்கள், இரங்கல் கூட்டத்திலும் பாடுகிறார்களே!

பதில்: சாமி பாட்டாகப் பிறந்து காதல் பாட்டாக வளர்ந்தது. ‘என்னோடு நில்’ என்று ஆண்டவரைக் கேட்கும் கீர்த்தனை ஒன்றை சார்லஸ் ஆல்பர்ட் டின்ட்லி என்ற அமெரிக்கக் கறுப்பினப் போதகர் 1900களின் தொடக்கத்தில் எழுதினார். பிறகு சாம் குக்கும் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரும் எழுத, சோல் ஸ்டிரர்ஸ் குழு ‘ஸ்டாண்ட் பை மீ ஃபாதர்’ என்று பாடியது. அதிலிருந்து தூண்டுதல் பெற்றதுதான் கிங்கின் பாட்டு. ‘ஃபாதர்’ இருந்த இடத்தில் ‘டார்லிங்’ வந்து உட்கார்ந்தது. இரண்டாவது சரணத்தில் வானம் இடிந்து விழுவதும் மலைகள் கடலில் சரிவதும் வருகிறதல்லவா? 46ஆம் சங்கீதத்தில் ‘மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்’ பயப்படோம் என்று வருவதைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கும் இரங்கலுக்கும் ஒரே பாட்டு பொருந்துவதன் ரகசியம் அங்கே இருக்கிறது.

கேள்வி: இந்தப் பாட்டில் நாலே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்). கிட்டாரில் சரியாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் பாட்டு சப்பென்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: அநேகமாக வலது கையில். அதற்கு முன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூலப்பதிவு ஏ மேஜரில் இருக்கிறது. எட்டு பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) கொண்ட ஒரே சுற்று: ஏ இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு பார், டி ஒரு பார், ஈ ஒரு பார், மறுபடி ஏ இரண்டு பார். பல்லவி, சரணம், நடுவில் வரும் வயலின் பகுதி எல்லாவற்றுக்கும் இதே சுற்றுதான். பலர் டிக்கும் ஈக்கும் தலா இரண்டு பார் கொடுத்துவிடுகிறார்கள். பாடுகிறவர் முன்னால் போக, கிட்டார் பின்னால் ஓடும்.

எஃப் ஷார்ப் மைனரில் பாரே (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்துவது) பிடிக்க விரல் வலித்தால் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்டு ஜி, ஈ மைனர், சி, டி வடிவங்களைப் பிடியுங்கள். ஒலிப்பது அதே ஏதான். கிங்கினுடையது தாழ்ந்த ஆண் குரல். உங்களுக்கு ஸ்ருதி ஏற வேண்டுமென்றால் அதே வடிவங்களோடு கேப்போவை ஐந்தாவது ஃபிரெட்டுக்குத் தள்ளுங்கள், சி மேஜர் வரும். ஏழாவது என்றால் டி.

இப்போது வலது கை. இந்தப் பாட்டைத் தாங்குவது கார்டு அல்ல, பேஸ் வரி (அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரிசை). மூலப்பதிவில் லாயிட் ட்ராட்மேன் டபுள் பேஸில் வாசித்தது. முதல் அடியில் மூலச் சுரம் ஒன்று. இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் சரியாக நடுவில் அதே சுரம் மறுபடி. பிறகு ஒரு இடைவெளி. அதன்பின் அடுத்த கார்டை நோக்கி நடந்து போகும் சின்னச் சுரங்கள். பிரேசிலின் பாயோன் தாளத்திலிருந்து வந்த நடை இது. அந்த ‘இரண்டரை’யில் விழும் அடிதான் உடம்பை ஆட வைக்கிறது. அதை மூன்றாம் அடிக்குத் தள்ளிவிட்டால் மார்ச்சிங் பேண்டு ஆகிவிடும். ஒரு பாரின் எட்டு அரையடிகளையும் ஸ்ட்ரம் செய்து நிரப்பினாலோ அந்த இடைவெளி செத்துப்போகும். நீங்கள் சொல்லும் சப்பு அதுதான்.

பயிற்சிக்கு: மெட்ரோனோமை (சீராக அடி தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 அடியில் வையுங்கள். கார்டை மறந்துவிட்டுக் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் ‘ஒன்று, இரண்டரை’ மட்டும் அடியுங்கள். ‘இரண்டரை’ விழுந்ததும் உள்ளங்கையால் கம்பியை அடக்குங்கள்; ஓசை நீண்டால் இடைவெளி இல்லை. இது தானாக வரத் தொடங்கிய பிறகு மேல் கம்பிகளில் இரண்டாம், நான்காம் அடிக்கு மெல்லிய தட்டு ஒன்று சேர்க்கலாம். வேகத்தை 118 வரை கொண்டுபோங்கள். மூலப்பதிவு ஏறக்குறைய அந்த வேகம்தான். எட்டு பார் சுற்று ஒன்று பதினாறு விநாடி பிடிக்கும்.

கேள்வி: நூற்றுக்கணக்கில் கவர்கள் இருக்கின்றன. எதைக் கேட்பது?

பதில்: பேஸ் வரியை என்ன செய்தார்கள் என்று கவனித்தால் வேறுபாடு உடனே பிடிபடும். ஓட்டிஸ் ரெடிங் (1964) பித்தளை வாத்தியங்களை அதன்மேல் ஏற்றி, குரலைக் கெஞ்சவிட்டார். ஜான் லென்னன் (1975) அக்கவுஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, தொண்டை கிழியும் ராக் ஆக்கினார். மூலப்பதிவில் அடங்கி நிற்கும் வேண்டுதல் இதில் அதட்டலாகிவிடுகிறது, அதுவும் ஓர் அழகுதான். மிக்கி கில்லி 1980இல் கன்ட்ரி பாணியில் பாடியது அமெரிக்கக் கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எங்கள் ஓட்டு பிரின்ஸ் ராய்ஸ் 2010இல் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பாடிய பச்சாட்டா (லத்தீன் நடன இசை வகை) வடிவத்துக்கு. மூலப்பதிவிலேயே ‘சரக் சரக்’ என்று ஓர் உரசல் ஓசை லத்தீன் வாடையோடு ஓடுகிறது. பச்சாட்டாவில் குயிரா என்ற உலோக உரசு வாத்தியத்தின் ஓசை அந்த இடத்தில் வந்து பொருந்திவிடுகிறது.

2018 மே 19இல் விண்ட்சர் அரச கல்யாணத்தில் கேரன் கிப்சன் தலைமையில் கிங்டம் கொயர் பாடியதையும் விடாதீர்கள். அலங்காரத்தைக் குறைத்துக் குறைத்து எளிமையாக்கிய வடிவம் அது. பாட்டு திரும்பவும் தேவாலயத்துக்கே போய்ச் சேர்ந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிகூட கேசியஸ் கிளேயாக இருந்த நாளில் இதைப் பாடியிருக்கிறார். ஒரு முறை கேட்டால் போதும்.

கேள்வி: இதை 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 அடி) ஹவுஸ் நடன ரீமிக்ஸ் ஆக்க முயல்கிறேன். தொடக்கத்தில் சேர்ந்து போகிறது, பாதியில் டிரம் விலகிவிடுகிறது. சின்த் (மின்னணு வாத்தியம்) சேர்த்தால் அபஸ்வரம்.

பதில்: இரண்டு தனித்தனி நோய்கள். முதலாவது, அந்தக் காலத்தில் கிளிக் டிராக் (சீரான அடியைக் காதில் தரும் தடம்) வைத்து வாசிக்கவில்லை. மனிதர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால் வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மென்பொருள் முழுப் பாட்டுக்கும் ஒரே வேகத்தை ஊகித்துக் கட்டம் போட்டால் விலகத்தான் செய்யும். தொடக்கத்தில் கனமான டிரம் இல்லாததால் அந்த ஊகமும் தடுமாறும். முதல் பேஸ் சுரத்தை முதல் அடியாகக் குறித்துவிட்டு, இரண்டு பாருக்கு ஒரு முறை நீங்களே கையால் வார்ப் புள்ளி (அடியைக் கட்டத்தோடு பொருத்தும் குறி) வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் வைக்காதீர்கள், பாட்டு விறைத்துப் போகும்.

இரண்டாவது, ஸ்ருதி. கீ லாக் (வேகம் மாறினாலும் ஸ்ருதியை மாறாமல் நிறுத்தும் வசதி) இல்லாமல் 118ஐ 124க்கு ஏற்றினால் வேகம் 5 சதவீதம் கூடும். ஸ்ருதி ஏறக்குறைய 86 சென்ட் ஏறும் (நூறு சென்ட் ஓர் அரைச்சுரம்). ஏவும் இல்லை, பி ஃபிளாட்டும் இல்லை, நடுவில் தொங்கும். எந்தச் சின்த் சேர்ந்தாலும் அபஸ்வரமாக இடிக்கும். கீ லாக் போட்டால் ஏவிலேயே நிற்கும், ஆனால் இழுத்த குரலில் லேசான நடுக்கம் கேட்கலாம். எங்கள் யோசனை: 125க்குப் போங்கள். 118இலிருந்து 125 என்பது கிட்டத்தட்ட அச்சாக ஓர் அரைச்சுரம். கீ லாக்கை அணைத்துவிட்டு, உங்கள் வாத்தியங்களை பி ஃபிளாட்டில் வையுங்கள்.

குரலை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருளை நம்பி இறங்கினால், தொடக்கச் சரணம் சுத்தமாக வரும். வயலின்கள் நுழைந்த பிறகு குரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே முதல் சரணத்தைப் பிரித்த குரலாகவும், மீதியைச் சின்னத் துண்டுகளாகவும் பயன்படுத்துங்கள். பழைய பேஸும் உங்கள் கிக் டிரம்மும் ஒரே தாழ்ந்த அலைவரிசையில் இடித்துக்கொள்ளும். பழையதன் அடிப்பகுதியை ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டிவிட்டு, அதே வரியை நீங்கள் புதிதாக வாசித்துச் சேருங்கள். வெட்டியதோடு நிறுத்தினால் மிச்சம் இருப்பது பாட்டே அல்ல.

கேள்வி: செய்து முடித்து வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ‘பியூட்டிஃபுல் கேர்ள்ஸ்’ வாங்கியதா?

பதில்: சொத்து இரண்டு. பாடல் (மெட்டும் வரிகளும்) ஒன்று, 1961இல் வந்த ஒலிப்பதிவு இன்னொன்று. கவர் பாடினால் முதலாவது மட்டும் போதும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கட்டாய உரிமம் தருகிறது. ஒருமுறை வெளியான பாடலுக்கு உரிமையாளர் மறுக்க முடியாது. டவுன்லோடு, சிடி, எல்பிக்கு 2025ஆம் ஆண்டின் கட்டணம், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாடலானால், பிரதி ஒன்றுக்கு 12.7 சென்ட். 500 டவுன்லோடு என்றால் 63.50 டாலர். பாணியை மாற்றலாம், அடிப்படை மெட்டையோ வரிகளையோ மாற்றக்கூடாது. வேறு மொழியில் எழுதிப் பாடுவதென்றால் பதிப்பாளரின் அனுமதி தனியாக வேண்டும். வீடியோவுக்கும் இந்த உரிமம் செல்லாது.

ரீமிக்ஸில் கிங்கின் குரலே இருக்கிறது. எனவே கட்டாய உரிமம் கிடையாது. ஒலிப்பதிவின் உரிமையாளர், பாடலின் உரிமையாளர் இருவருமே ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அந்த ஒலிப்பதிவுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு அது காலாவதியாகிவிட்டது, மலிவான தொகுப்புகள் அங்கே குவிவது அதனால்தான். ஆனால் பாடலின் உரிமை அங்கும் உயிரோடுதான் இருக்கிறது.

ஷான் கிங்ஸ்டனின் ‘பியூட்டிஃபுல் கேர்ள்ஸ்’ (2007) பழைய பேஸ் வரியை அடியில் வைத்து மேலே புது மெட்டு போட்டது. அதை எழுதியோர் பட்டியலில் ‘ஸ்டாண்ட் பை மீ’யை எழுதிய பென் ஈ. கிங், ஜெர்ரி லீபர், மைக் ஸ்டாலர் மூவரும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் முதலிடம் போன பாட்டு, பங்கும் அதற்கேற்றபடிதான் இருந்திருக்கும்.

கேள்வி: 1986இல் ஹிட்டானது புதிதாகப் பாடியதா?

பதில்: இல்லை, அதே 1961 பதிவுதான். 1961இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் 4ஆம் இடம். அதே பெயரில் திரைப்படம் வந்ததும் 1986இல் 9ஆம் இடம். லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தால் 1987இல் பிரிட்டனில் முதலிடம். ஆனால் கிங் பிற்காலத்தில் இதைத் திரும்பவும் பதிவு செய்திருக்கிறார், ஸ்ட்ரீமிங்கில் அவையும் கலந்து கிடக்கின்றன. அசல் மூன்று நிமிடத்துக்கு ஒட்டி முடியும்; தொடக்கத்தில் பேஸ், டிரையாங்கிள், உரசல் மட்டும். கனத்த ஸ்நேர் டிரம் கேட்டால் அது மறுபதிவு.

கேள்வி: இந்தப் பாட்டின் பழைய 45 ஆர்பிஎம் இசைத்தட்டில் எழுதியவர் ‘கிங் – க்ளிக்’ என்று இருக்கிறது. போலியா?

பதில்: பயப்படாதீர்கள். ‘எல்மோ க்ளிக்’ என்பது லீபரும் ஸ்டாலரும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். லேபிள் ஆட்கோ, எண் 6194, மறுபக்கம் ‘ஆன் தி ஹொரைசன்’. இவை மூன்றும் பொருந்தினால், அடுத்துத் தட்டில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.