பிரசவ அறைக்குப் படிப்பவர்கள் கேட்கிறார்கள்

மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பார்க்கும் தொழிலுக்கான பட்டப்படிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மருந்து அளவுகள் பாடம் புரிவதற்காகச் சொல்லப்பட்டவை. வார்டில் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைதான் செல்லும்.

பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. மிட்வைஃப் ஆக வேண்டும் என்று ஆசை. முதலில் நர்சிங் படித்தே ஆக வேண்டுமா? நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழி உண்டு. நர்சிங் படிக்காமல் நேரே சேர்வது ஒன்று. நர்சிங் முடித்தவர்கள் மேற்கொண்டு படிப்பது இன்னொன்று. சர்வதேச மிட்வைஃப்கள் கூட்டமைப்பின் அளவுகோல்படி முதலாவது குறைந்தது 3 ஆண்டு, இரண்டாவது குறைந்தது 18 மாதம். எல்லா நாட்டிலும் இரண்டு கதவும் திறந்திருக்காது. பட்டம் தருவது பல்கலைக்கழகம், தொழில் செய்யப் பதிவு தருவது இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் கவுன்சில். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிச் சேர்பவர்கள் கடைசி வருடத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது லேபர் வார்டு. கல்லூரிக் கட்டடம், கணினி அறை எல்லாம் அப்புறம். மாதம் எத்தனை பிரசவம், அதில் எத்தனை சுகப்பிரசவம், அவற்றைப் பங்குபோட எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். மாதம் 120 பிரசவம் என்பார்கள். அதில் 50 சிசேரியன் என்றால் மிச்சம் 70. மருத்துவ மாணவர்களையும் சேர்த்து 35 பேர் நின்றால் உங்கள் பங்குக்கு 2. இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி நல்ல அளவுகோல். கர்ப்ப காலப் பரிசோதனை 100, தானே முன்னின்று பார்த்த பிரசவம் 40, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பில் தாயும் சேயுமாக 100. நேரடிப் படிப்புக்கு மொத்தம் 4600 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்காவது வார்டிலும் கிளினிக்கிலும் கழிய வேண்டும். நீங்கள் பார்க்கும் கல்லூரி இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். இன்னொரு கேள்வி, மாணவர்கள் கேட்கத் தயங்குவது: இரவு ஷிஃப்டில் கற்றுத்தர யார் இருப்பார்கள்? பிரசவங்கள் பகலுக்காகக் காத்திருப்பதில்லை. ராத்திரி 2 மணிக்கு மேற்பார்க்க ஆள் இல்லையென்றால், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்கள், அல்லது செய்யக்கூடாததைத் தனியே செய்வீர்கள்.

இடுப்பெலும்பின் அளவுகளையும் குழந்தையின் தலை அளவுகளையும் எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது.

அட்டவணையாகப் படித்தால் மறக்கத்தான் செய்யும். ஆய்வகத்தில் இடுப்பெலும்பு மாதிரியையும் பொம்மையையும் கையில் எடுங்கள். நுழைவாயில் பக்கவாட்டில் அகலம்: குறுக்கே 13 செ.மீ., முன்பின்னாக 11. நடுப்பகுதி ஏறக்குறைய வட்டம்: 12க்கு 12. வெளிவாயில் நேர்மாறு: முன்பின்னாக 13, குறுக்கே 11. நீளவாக்கில் இருக்கும் தலை, உள்ளே வரும்போது பக்கவாட்டைப் பார்த்து நுழைந்து, இறங்கும்போதே திரும்பி, வெளியே வரும்போது முகம் தாயின் முதுகுப்பக்கம் இருப்பது ஏன் என்று இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுழற்சியின் காரணம் இந்த அளவுகளிலேயே இருக்கிறது.

தலைக்கும் இதே முறை. தாடை நெஞ்சில் படிந்திருந்தால் நுழையும் விட்டம் 9.5 செ.மீ. தலை நிமிர்ந்து நின்றால் 11.5. இன்னும் பின்னால் சாய்ந்து நெற்றி முதலில் வந்தால் 13.5. வாசலின் மிகப் பெரிய அளவே 13 என்பதால் நிறைமாதக் குழந்தை நெற்றி நிலையில் நிலைத்துவிட்டால் வராது. முழுவதும் சாய்ந்து முகமே முன்னால் வந்தால் விட்டம் மறுபடி 9.5க்குக் குறைகிறது, தாடை தாயின் முன்பக்கம் இருந்தால் சுகப்பிரசவமே ஆகலாம். தாடை பின்பக்கம் மாட்டினால் ஆகாது. கழுத்து ஏற்கெனவே முழுதாக வளைந்துவிட்டது, மேலும் வளைய இடமில்லை. வாய்மொழித் தேர்வில் இந்த ‘ஏன்’தான் கேட்பார்கள்.

பொம்மையை நேர்கீழாக அழுத்தாதீர்கள். பாதை முதலில் கீழும் பின்னுமாகப் போய், பிறகு முன்னோக்கி வளைகிறது.

மூன்றாம் செமஸ்டர் மாணவி. உள்பரிசோதனையில் கருப்பை வாயின் விரிவை நான் 6 செ.மீ. என்றால் சிஸ்டர் 4 என்கிறார். ஒருமுறை “முழுதும் விரிந்துவிட்டது” என்றேன், இல்லை என்றார். என் விரல்தான் சரியில்லையா?

விரல் சரிதான், அளவுகோல் இன்னும் விரலில் ஏறவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து அகலத்தை ஸ்கேலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விரித்து 4, 5, 6 என்று பழகுங்கள். கெட்டி அட்டையில் வட்டங்கள் வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்ப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் பலன் தரும். 7 செ.மீ.க்கு மேல் விரலை விரிப்பதைவிட, சுற்றிலும் மிச்சமிருக்கும் விளிம்பைத் தடவி அளப்பது எளிது. எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விளிம்பு இருந்தால் 8. எங்குமே விளிம்பு தட்டாவிட்டால் 10.

‘முழுதும் விரிந்துவிட்டது’ என்ற தவறு வருவதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. கருப்பை வாய் பின்னால் தள்ளி இருக்கும். முன்னால் மெலிந்த கருப்பைச் சுவரைத் தொட்டு, அதன் வழியே தலையை உணர்ந்து, வாயே இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம். விரலைப் பின்னால், முதுகெலும்பின் அடிப்பக்கம் கொண்டுபோய்த் தேடிய பிறகே சொல்லுங்கள்.

இன்னொரு ஏமாற்று, தலையில் கட்டும் வீக்கம். தோல் வீங்கிக் கீழே இறங்கியிருக்கும், எலும்பு மேலேயே நிற்கும். அதனால் உள்பரிசோதனைக்கு முன்பே வயிற்றைத் தொட்டு, தலையில் ஐந்தில் எத்தனை பங்கு இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். மேலே 3 பங்கு தட்டும்போது கீழே ‘தலை இறங்கிவிட்டது’ என்று விரல் சொன்னால், வயிற்றை நம்புங்கள்.

அனுபவசாலிகள் இருவருக்குள்ளும் 1 செ.மீ. வித்தியாசம் வருவது சகஜம். அதைத் தீர்க்கிறேன் என்று ஒரே பெண்ணை மாறி மாறிப் பரிசோதிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வலி, ஒவ்வொரு முறையும் தொற்று அபாயம். முதல் கட்டத்தில், அதாவது வாய் முழுதும் விரியும்வரை, பிரச்சினை ஏதும் இல்லையென்றால் 4 மணி நேர இடைவெளி போதும். அந்த நேரம் வரும்போது, அவர் சம்மதித்தால் மட்டும், முதலில் நீங்கள், உடனே சிஸ்டர். அப்படிக் கற்பதே முறை.

ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா?

வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும். சாப்பிடாமல் வார்டுக்குப் போகாதீர்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். கண் இருளத் தொடங்கினால் தொடை, கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் தரையில் உட்காருங்கள். கிருமி நீக்கிய கருவிகள் இருக்கும் ஸ்டெரைல் டிராலி மேல் விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் படிவமான பார்டோகிராமை 4 செ.மீ.யில் தொடங்கு என்கிறது புத்தகம். வார்டில் 5 என்கிறார்கள். எதை எழுதுவது?

உங்கள் புத்தகம் பழைய படிவத்தைச் சொல்கிறது. அதில் 4 செ.மீ.யிலிருந்து மணிக்கு 1 செ.மீ. என்று ஓர் எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணி நேரம் தள்ளி ஒரு செயல்கோடு. மணிக்கு 1 செ.மீ.யைவிட மெதுவாக விரிந்தும் நல்லபடியாகப் பெற்றெடுக்கும் பெண்கள் ஏராளம். கோட்டுக்காக அவர்களை அவசரப்படுத்தி, கருப்பையை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்தைத் தேவையில்லாமல் ஏற்றி, சிசேரியனில் முடிந்ததுதான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வாய் வேகமாக விரியும் தீவிரக் கட்டத்தின் தொடக்கத்தை 5 செ.மீ. என்று மாற்றியது, 2020இல் புதிய பிரசவக் கவனிப்புப் படிவத்தை வெளியிட்டது. அதில் சாய்ந்த கோடு இல்லை. ஒவ்வொரு செ.மீ.யிலும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று தனித்தனி வரம்பு: 5இல் 6 மணி நேரம், 6இல் 5, 7இல் 3, 8இல் 2½, 9இல் 2. அந்த வரம்பைத் தொட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். தேர்வில் எந்தப் படிவம் கொடுக்கிறார்களோ அதன் விதிப்படி எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால்தான் மதிப்பெண் போகும்.

படிவத்தைவிட அதை நிரப்பும் விதம்தான் பெரிய தலைவலி. பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பிய தாளை ஆசிரியர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்கள்: குழந்தையின் இதயத்துடிப்பு 140, 140, 140 என்று வரிசையாக நிற்கும். உயிருள்ள குழந்தையின் துடிப்பு அப்படி நிற்காது. முதல் கட்டத்தின் தீவிரப் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறையாவது, முழுதும் விரிந்தபின் குழந்தை பிறக்கும்வரையான இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் முழுதாக 1 நிமிடம். வலி இருக்கும்போது தொடங்கி, அது அடங்கி 30 விநாடியாவது தொடர வேண்டும். 110 முதல் 160 வரை இயல்பு. மற்றொரு கை தாயின் மணிக்கட்டில் இருக்கட்டும். இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி தாயின் நாடியையே எடுத்துக் காட்டி, குழந்தை நலம் என்று நம்ப வைத்துவிடும். தாய்க்கு 120 ஓடும்போது இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

கணக்கு என்றாலே பயம். கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மக்னீசியம் சல்பேட் கணக்கில் ஒவ்வொரு முறையும் தப்பு செய்கிறேன்.

சதவீதம் என்றால் 100 மில்லியில் எத்தனை கிராம் என்பதுதான். இதை மட்டும் விடாதீர்கள். 50% என்றால் 100 மில்லியில் 50 கிராம். 1 மில்லியில் அரை கிராம். 4 கிராம் வேண்டுமானால் 8 மில்லி எடுக்க வேண்டும். ரத்தக்குழாய் வழியே கொடுக்கும்போது 50% கரைசலை அப்படியே ஏற்றக்கூடாது. 20% ஆக்க வேண்டும். 20%இல் 4 கிராம் என்றால் மொத்தம் 20 மில்லி. 8 மில்லி மருந்து ஏற்கெனவே இருக்கிறது. சேர்க்க வேண்டியது 12 மில்லி. பலர் இங்கே 20 மில்லியைச் சேர்த்து 28 ஆக்கிவிடுகிறார்கள். ‘மொத்தம்’, ‘சேர்ப்பது’ என்று இரண்டு வரியாக எழுதிப் போட்டால் இந்தத் தவறு வராது. தசையில் போடும் 5 கிராம், 50% கரைசலில் 10 மில்லி.

அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பாருங்கள்: முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த 4 மணி நேரத்தில் மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போயிருக்கிறதா. மருந்து சிறுநீரகம் வழியேதான் வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் உடலில் சேர்ந்துவிடும். அனிச்சை முதலில் போகும், மூச்சு பிறகுதான் அடங்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடிக்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட், 10% கரைசலில் 10 மில்லி, அதாவது 1 கிராம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செயல்முறைத் தேர்வில் நஞ்சுக்கொடி வெளியேற்றும் கட்டத்தில் மட்டும் மதிப்பெண் குறைகிறது. எதை விடுகிறேன்?

பெரும்பாலானோர் விடுவது இரண்டு. முதலாவது, வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்யாமல் ஊசி போடுவது. இரண்டாவது, மேல் கையை மறப்பது. குழந்தை பிறந்த 1 நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். குழந்தைக்கு மூச்சுவிட உதவி தேவைப்படாவிட்டால் தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் கழித்துக் கட்டலாம். பிறகு கருப்பை இறுகும்வரை காத்திருந்து, ஒரு கை அந்தரங்க எலும்புக்குச் சற்று மேலே கருப்பையை மேல்நோக்கித் தாங்க, மறு கை கொடியைச் சீராக இழுக்க வேண்டும். தாங்கும் கை இல்லாமல் இழுத்தால் கருப்பையே உட்புறம் வெளியாகப் புரண்டு வந்துவிடக்கூடும். 30, 40 விநாடியில் இறங்காவிட்டால் நிறுத்துங்கள். அடுத்த இறுக்கத்துக்குக் காத்திருங்கள்.

வந்தபின் கருப்பை கெட்டியாகிவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் பெரும்பாலும் குறைத்தே சொல்லும். அளவு குறித்த பை இல்லையென்றால் நனைந்த துணிகளை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. கடைசியாக நஞ்சுக்கொடியை விரித்துப் பாருங்கள். சவ்வின் ஓரத்தில் ரத்தக்குழாய் ஒன்று அறுந்தாற்போல் முடிந்தால், அது போய்ச்சேர வேண்டிய துண்டு உள்ளேயே நின்றிருக்கலாம். உடனே மேற்பார்ப்பவரிடம் காட்டுங்கள், நஞ்சுக்கொடியைக் கொட்டிவிடாதீர்கள்.