ஹெட்போனில் தேன், ஹாலில் தகரம்: ஸ்டேஜ் கீபோர்டு கேள்வி-பதில்

கிறிஸ்துமஸ் கேரல், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று மலையில் கீபோர்டுக்கு ஓய்வில்லாத மாதங்கள் இவை. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளில் கிராண்ட் பியானோ டோன் பற்றியவை மட்டும் இங்கே.

குன்னூர்: வீட்டில் ஹெட்போனில் கேட்டால் கான்சர்ட் கிராண்ட் அவ்வளவு அழகு. சர்ச் ஸ்பீக்கரில் அதே டோன் டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா?

ஸ்பீக்கரை விடுங்கள், முதலில் மோனோவை, அதாவது இடது வலது ஒலிகள் ஒன்றாகக் கலப்பதைப் பாருங்கள். கிராண்ட் பியானோவைக் குறைந்தது இரண்டு மைக் வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள். ஒரே நோட்டு இரண்டு மைக்குக்கும் சற்று முன்பின்னாகப் போய்ச் சேரும். ஹெட்போனில் காதுக்கு ஒன்றாகப் பிரிந்து வருவதால் அது அகலமாகக் கேட்கிறது. சர்ச் மிக்சரோ இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அப்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துத் தின்றுவிடும். நடு ஸ்தாயியில் ஓரிரு நோட்டுகள் மட்டும் உள்வாங்கினாற்போல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடது/மோனோ ஜாக்கில் மட்டும் வயரைச் செருகினால் போதும் என்பார்கள். பல கருவிகளில் அந்த ஜாக் உள்ளேயே இரண்டையும் கூட்டித்தான் அனுப்புகிறது. பிறகென்ன, அதே கதைதான். மோனோ பியானோ என்றே ஒரு டோன் இருக்கிறதா என்று தேடுங்கள். ரோலண்டின் பல மாடல்களில் உண்டு. இல்லையென்றால் இரண்டு ஜாக்கிலும் வயரைச் செருகி, மிக்சரில் இடது சேனலை மட்டும் திறங்கள். வலது ஜாக்கில் வயர் இருந்தால்தான் இடதில் தனி இடது வரும். பேஸ் பக்கம் கொஞ்சம் கனக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 250-க்கும் 400-க்கும் நடுவே துழாவி, டப்பா சத்தம் எங்கே அடங்குகிறதோ அங்கே 3 டெசிபெல் குறையுங்கள்.

கடைசியாக ரிவெர்ப், அதாவது கருவி சேர்க்கும் செயற்கை எதிரொலி. உயரமான கூரையுள்ள கல் கட்டடத்துக்கு அதுவே போதுமான எதிரொலி உண்டு. கீபோர்டின் ஹால் ரிவெர்பை அணைத்துவிடுங்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, கடைசி பெஞ்சில் நின்று கேட்டு முடிவு செய்யுங்கள். காலி ஹாலில் கொஞ்சம் அதிகமாகத் தோன்றினால் பரவாயில்லை. ஸ்வெட்டரும் கம்பளியுமாகக் கூட்டம் நிறைந்ததும் எதிரொலி குறைந்துவிடும்.

கோத்தகிரி: மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். டிரம்ஸ், பேஸ் சேர்ந்ததும் பியானோ காணாமல் போகிறது. எந்த டோன் நல்லது?

தனியாகக் கேட்கையில் உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத டோன்தான் குழுவில் நிற்கும். யமஹா சிபி88 ஸ்டேஜ் கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போசன்டோர்ஃபர் இம்பீரியல் டோன் இருக்கிறது. அசல் இம்பீரியல் கிராண்ட் பியானோ 290 செ.மீ. நீளமும் 97 கட்டைகளும் கொண்டது. அடிப்பக்கத்தில் கூடுதல் தந்திகள். அந்தக் கனம் தனி வாசிப்புக்கு அழகு. குழுவிலோ அது பேஸ் கிட்டாரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். யமஹாவின் சொந்த கான்சர்ட் கிராண்டான சிஎஃப்எக்ஸ் போன்ற தெளிவான டோனை எடுத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் ஏற்றுங்கள். இடது கையில் ஆக்டேவ் அடிப்பதை நிறுத்துவது இப்படி வெட்டி ஏற்றும் ஈக்யூ வேலை எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

மென்மையாக வாசிக்கும் இடங்கள் மட்டும் கேட்கவில்லையா? டச் கர்வை (அடிக்கும் விசைக்கு ஒலி எவ்வளவு ஏறும் என்ற அமைப்பு) ஒரு படி ‘சாஃப்ட்’ பக்கம் நகர்த்துங்கள். வால்யூமை ஏற்றினால் பலமாக அடிக்கும் இடங்களும் சேர்ந்து ஏறும்.

ஊட்டி: ஜனவரியில் புல்லாங்குழலோடும் பள்ளியின் பழைய பியானோவோடும் சேர்ந்து வாசிக்க வேண்டும். மூன்றும் மூன்று சுருதியில் நிற்கின்றன.

நிற்கத்தான் செய்யும். கீபோர்டுக்குக் குளிர் கிடையாது. ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் 440தான். குழலில் அதிர்வது காற்று. வெப்பம் 1 டிகிரி குறைந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). 20 டிகிரியில் சரியாக இருந்த குழல் 10 டிகிரியில் 30 சென்ட் வரை இறங்கக்கூடும். மூச்சுச் சூட்டால் அதில் ஒரு பங்கு மீளும், ஆனால் வாசிக்காமல் வைத்தால் மறுபடி இறங்கும். ஆகவே குழல்காரர் ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி பாருங்கள்.

பியானோவின் பிரச்சினை ஈரம். மழைக்காலத்தில் அதன் ஒலிப்பலகை உப்பித் தந்திகளை இழுக்கும், சுருதி ஏறும். வறண்ட குளிரில் இறங்கும். நடு ஸ்தாயியில்தான் இந்த ஆட்டம் அதிகம். பியானோவைத் திருத்த ஆள் வராத பட்சத்தில் கீபோர்டுதான் வளைந்து கொடுக்க வேண்டும். நடு ‘ஏ’யை இரண்டிலும் சேர்த்து அடித்து, ஒலி அலையடிப்பதை எண்ணுங்கள். விநாடிக்கு இரண்டு அலை என்றால் வித்தியாசம் 2 ஹெர்ட்ஸ். கருவி முழுவதன் சுருதியை மாற்றும் மாஸ்டர் டியூனில் 438 வைத்துப் பாருங்கள். அலை கூடினால் 442 பக்கம் போங்கள். இந்த இடத்தில் 1 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 4 சென்ட். பிறகு மேலும் கீழும் ஓர் ஆக்டேவ் சரிபாருங்கள். எல்லா நோட்டும் பொருந்தாது; அந்தப் பாடல்கள் அதிகம் புழங்கும் ஸ்தாயியைக் காப்பாற்றினால் போதும். குழலைக் கடைசியில் சேருங்கள்.

‘ஸ்ட்ரெச் டியூனிங்’ என்ற அமைப்பு இருந்தால் இந்த நிகழ்ச்சிக்கு அதை இயக்கியே வையுங்கள். நிஜப் பியானோவில் தந்தியின் விறைப்பால் மேல் ஸ்வரங்களைச் சற்று ஏற்றியும் அடி ஸ்வரங்களை இறக்கியும்தான் சுருதி கூட்டுவார்கள். ஆர்கனோ ஸ்டிரிங்ஸோ சேர்த்து லேயர் வாசிக்கும்போது மட்டும் அதை அணையுங்கள், இல்லையேல் மேல் ஸ்தாயியில் இரண்டும் உரசும். நிகழ்ச்சி முடிந்ததும் மறக்காமல் 440-க்குத் திருப்புங்கள். சில கருவிகள் அணைத்த பின்னும் மாற்றத்தை நினைவில் வைத்திருக்கும்.

கொடைக்கானல்: ஒரே ஒரு நோட்டு மட்டும் திடீரென்று அலறுகிறது. டோன் கெட்டுவிட்டதா?

டோன் அல்ல, கட்டைக்கு அடியில் உள்ள கான்டாக்ட். இரண்டு தொடர்புகள் அடுத்தடுத்துப் படும். அந்த இடைவெளியின் நேரத்தை அளந்துதான் கருவி விசையைக் கணக்கிடுகிறது. முதல் தொடர்பில் தூசியோ ஈரமோ இருந்து தாமதமாகப் பட்டால் இடைவெளி சுருங்கும். ஓங்கி அடித்ததாகக் கருவி எடுத்துக்கொள்ளும். பனியில் காரில் கிடந்த கீபோர்டைச் சூடான ஹாலில் உடனே திறந்தால் உள்ளே நீர் பூக்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். காய்ந்த பிறகும் அலறினால், கான்டாக்ட் ரப்பரைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை. டச் கர்வை மாற்றிச் சமாளித்தால் மற்ற 87 நோட்டுகளும் கெடும்.

கூடலூர்: பாடகி ஐந்தரைக் கட்டை என்கிறார். டிரான்ஸ்போஸ் செய்தால் (சுருதியைப் பட்டனில் நகர்த்தினால்) பியானோ டோன் கெடுமா?

கெடாது. ஐந்தரைக் கட்டை என்பது ‘ஜி ஷார்ப்’ சுருதி. நீங்கள் ‘சி’யில் வாசித்துப் பழகியவரென்றால் மைனஸ் 4 வையுங்கள். பிளஸ் 8-ம் அதே ஐந்தரைதான், ஆனால் வாசிப்பது முழுதும் மேல் ஸ்தாயிக்கு ஏறி ஒலி மெலிந்துவிடும்.

பழனி மலை, பண்ணைக்காடு: பெடலை மிதித்தால் ஒலி நிற்கிறது, விட்டால் நீள்கிறது. ஏன் தலைகீழ்?

பெடலின் போலாரிட்டி (மிதித்தால் மின்தொடர்பு இணைகிறதா, அறுகிறதா என்பது) கருவியோடு பொருந்தவில்லை. யமஹா பெடலை ரோலண்டில் செருகினால் இப்படி ஆகும். பெடலின் அடியில் சிறு சுவிட்ச் இருந்தால் தள்ளுங்கள்; இல்லையேல் கருவியின் மெனுவில் மாற்றுங்கள். பல கருவிகள் ஆன் ஆகும்போதே பெடலைப் படித்துக்கொள்ளும். அதனால் முதலில் பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு, பிறகு பவர் போடுங்கள்.