இரைகிற பொயிலரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 11 வருடப் பழைய கொம்பி பொயிலர் (ஹீற்றிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒரே பெட்டி). இந்தக் குளிருக்கு ஹீற்றிங் போட்டதிலிருந்து கேத்தலில் தண்ணீர் கொதிப்பது போல இரைச்சல், இடையிடையே 'டொக் டொக்' என்று இடி. மேலே பிள்ளையின் படுக்கையறை. பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு, "இது முடிஞ்சுது, புதுசு போடுங்கோ" என்று 2800 பவுண் எழுதித் தந்தார். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 300 குறைப்பாராம். போடலாமா?

பதில்: இன்றைக்குப் போட வேண்டாம். மூடியைக்கூடக் கழற்றாமல் ஒரு பொயிலருக்குத் தீர்ப்பு எழுத யாராலும் முடியாது. அதுவும் "இன்றைக்கு மட்டும்" என்று விலை இறக்குகிறவரிடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

சத்தத்தை நீங்களே சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இங்குள்ள பிளம்பர்களும் இதற்குக் கேத்தலின் பெயரைத்தான் வைத்து 'கெற்றிலிங்' என்கிறார்கள். நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துகிற ஹீற் எக்ஸ்சேஞ்சருக்குள் சுண்ணாம்போ துருச்சேறோ படிந்தால் தண்ணீர் ஓடும் வழி ஒடுங்கும். ஓட்டம் குறைந்த இடத்தில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி ஆவிக் குமிழி கட்டும். அந்தக் குமிழிகள் உடைவதுதான் உங்களுக்குக் கேட்கிற இடி. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனித்து எழுதி வையுங்கள். ஹீற்றிங்கை நிறுத்திவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். அப்போது மட்டும் இரைந்தால், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் சின்னத் தட்டு எக்ஸ்சேஞ்சரில்தான் முதல் சந்தேகம். அதைத் தனியாக மாற்றலாம். ஹீற்றிங்கில் மட்டும் இரைந்தால் ரேடியேற்றர்களைத் தொட்டுப் பாருங்கள். மேலே சூடும் கீழே குளிரும் என்றால் சேறு. மேலே குளிர் என்றால் காற்று. அந்தக் காற்றை ரேடியேற்றர் சாவியால் நீங்களே திறந்து விடலாம். அப்படி விடும்போது கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடிக் கோப்பையில் பிடியுங்கள். கறுப்பாக இருந்தால் கோப்பையின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வையுங்கள். கறுப்பு அந்தப் பக்கம் ஒதுங்குகிறதா? உங்கள் ரேடியேற்றர்களின் இரும்புதான் அது.

பிரஷர் முள்ளையும் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை நிற்பது வழக்கம். அடிக்கடி ஏற்ற வேண்டி வருகிறதென்றால் ஒழுக்கைத் தேட வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு புதுச் சுண்ணாம்பையும் புது ஒட்சிசனையும் உள்ளே விடுகிறீர்கள். அதைக் கவனிக்காமல், பழைய சேற்றோடு 2800 பவுண் பொயிலரைப் பூட்டினால் அதுவும் சில வருடத்தில் இதே பாட்டைப் பாடும்.

இப்போதைக்கு, கொம்பி என்பதால் ஹீற்றிங் வெப்பத்தை 60 பாகைக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரைச்சல் குறையும், காஸும் மிச்சம், பிள்ளையும் நித்திரை கொள்ளும்.

மூடியைத் திறப்பது, காஸ் வேலைக்குச் சட்டப்படி வேண்டிய 'காஸ் சேஃப்' பதிவுள்ளவரின் வேலை. (நம்மவர்கள் இன்னும் பழைய பதிவான 'கோர்கி' என்றுதான் கேட்கிறார்கள். அது 2009 இலேயே மாறிவிட்டது.) அவருடைய அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். எந்தப் பாகம் பழுது, அதை மாற்ற எவ்வளவு, முழுதும் கழுவ எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பவர் ஃபிளஷ் என்கிற அந்த முழுக் கழுவல் சில நூறு பவுண் பிடிக்கும். துருவே தாங்கிக்கொண்டிருக்கும் பழைய ரேடியேற்றர் கழுவியதும் ஒழுகத் தொடங்கலாம், ஆகவே அதற்கு யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள். கழுவிய பிறகு துருத் தடுப்பு மருந்தும் காந்த வடிகட்டியும் கட்டாயம். முதன்மை எக்ஸ்சேஞ்சரே போய்விட்டது என்றால், 11 வருடப் பெட்டியில் அந்தக் காசைப் போட நானும் சொல்ல மாட்டேன். மாற்றுங்கள், மூன்று பேரிடம் விலை கேட்டு.

அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்களே கேட்டிருந்தால் கதை வேறு.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். பற்றும்போது 'டமார்' என்று வெடித்தாலோ, பொயிலரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, வீட்டில் இருக்கும்போது மட்டும் தலையிடி, தலைச்சுற்று வந்தாலோ உடனே நிறுத்துங்கள். அறிகுறி இருந்தால் வெளியே போய்விடுங்கள். காஸ் மணத்துக்கும் கார்பன் மொனொக்சைட் சந்தேகத்துக்கும் 0800 111 999.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு. பொயிலர் இரவெல்லாம் அதிர்கிறது. வீட்டுக்காரர் நமக்குத் தெரிந்தவர். "சூடு வருதுதானே" என்கிறார்.

பதில்: தெரிந்தவர் என்பதுதான் உங்கள் சிக்கல், சட்டம் அல்ல. 1985 ஆம் ஆண்டு வீட்டுக்காரர், வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, ஹீற்றிங்கையும் சுடுதண்ணீரையும் ஒழுங்காக இயங்கும் நிலையில் வைத்திருப்பது அவர் பொறுப்பு. வெறும் சத்தத்தை வைத்து வாதிடுவது கடினம். அதனால் "சத்தம்" என்று மட்டும் எழுதாமல், எப்போது, எவ்வளவு நேரம், கூடவே பிரஷர் இறங்குகிறதா, எந்த ரேடியேற்றர் சூடாகவில்லை என்று திகதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து இணையுங்கள். மரியாதையாக எழுதினால் உறவு முறியாது. 12 மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய காஸ் பாதுகாப்புச் சான்றின் பிரதியையும் கேளுங்கள். பொயிலர் உள்ள அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா? 2022 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் அதை வைப்பதும் அவர் கடமை. கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: உறைபனி விழுந்த காலையில் மட்டும் பொயிலர் 'களகள' என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது.

பதில்: பொயிலரின் கழிவுத் தண்ணீரை வெளிச்சுவர் வழியே கொண்டுபோகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பொயிலரை ரீசெற் செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். கோடையில் அந்தக் குழாய்க்கு உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் பூட்டிய புதுப் பொயிலர் இடிக்கிறது. பூட்டியவர் கம்பனியைக் கேள் என்கிறார், கம்பனி பூட்டியவரைக் கேள் என்கிறது.

பதில்: நீங்கள் காசு கொடுத்தது யாரிடம்? பொயிலரையும் வேலையையும் பூட்டியவரே விற்றிருந்தால், 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கம்பனி உத்தரவாதம் அதற்கு மேலதிகம். முதல் 6 மாதத்துக்குள் தெரிகிற பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது அவர் பாடு. ஆகவே இரண்டு மாதம் கடத்தாமல் இந்த வாரமே எழுதுங்கள். பூட்டும்போது பழைய குழாய்களைக் கழுவினாரா என்பதையும் கேளுங்கள். பொயிலரோடு தந்த பதிவுப் புத்தகத்தில் அதற்கு இடமுண்டு, பலர் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். முற்பணத்தையாவது கடன் அட்டையில் நேரே அவருக்குக் கட்டியிருந்தீர்களா? விலை 100 பவுணுக்கு மேல், 30,000 க்குள் என்றால் 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின் கீழ் அட்டை வங்கியிடமே முழுத் தொகைக்கும் கோரலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பைக் கேளுங்கள், 0808 223 1133.