அத்தை சேரை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க, சோம்பேறித்தனமா டாக்டர்?

கேள்வி: எங்க மாமியாருக்கு 72 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி அல்சைமர்னு சொன்னாங்க, டோனெபெசில் மாத்திரை போயிட்டிருக்கு. மறதியைக்கூட சமாளிச்சிடறேன், ஆனா இப்ப ஆறேழு மாசமா காலைல சேர்ல உக்கார வச்சா மத்தியானம் வரைக்கும் அதே சேர்தான், டிவி போட்டாலும் பாக்கறதில்ல, பேரன் ஸ்கூல் விட்டு வந்தாலும் திரும்பறதில்ல. முன்னாடியெல்லாம் சாயந்தரம் ஆனா மல்லிகைப்பூ கட்டாம இருக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சோம்பேறித்தனம்ங்கறார், நாத்தனார் நான் சரியா கவனிக்காததால மனசு விட்டுப்போச்சுங்கறாங்க. டிப்ரஷனா இருக்குமா?
– ஒரு மருமகள், மதுரை

பதில்: நாத்தனார் சொன்னதை மொதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்கம்மா. நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா இது நாங்க அபதின்னு சொல்ற விஷயம் மாதிரிதான் இருக்கு. மூளையோட முன்பக்கம் இருக்கே, 'எழுந்திரு, போய் செய்'னு நம்மளைக் கிளப்பி விடற இடம், அதுவும் அதோட சேர்ந்த இணைப்புகளும் அடிபட்டா கை கால் நல்லாத்தான் இருக்கும், வேலையும் தெரிஞ்சிருக்கும், ஆனா ஆரம்பிக்க வராது. அல்சைமர்ல இது ரொம்ப சகஜம், ஆனா ராத்திரி எழுந்து கத்தறவங்களைத்தான் வீட்ல உடனே கூட்டிட்டு வருவாங்க, சேர்ல அமைதியா இருக்கற ஆளை யார் கூட்டிட்டு வர்றாங்க சொல்லுங்க.

டிப்ரஷன்னா அழுகை, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்'ங்கற பேச்சு, ஒரு வேதனை தெரியும். அபதில அந்த வேதனை இருக்காது, கேட்டா 'நல்லாத்தானே இருக்கேன்'ம்பாங்க. ரெண்டும் சேர்ந்தும் வரலாம், அதனால டாக்டர்கிட்ட இதைத் தனியா சொல்லுங்க. தைராய்டு, பி12, காது, கண் எல்லாம் பாத்துடணும், தூக்க மாத்திரை ஏதாவது ஓடுதான்னும் பாக்கணும். டிப்ரஷன் இல்லாம சும்மா ஒரு டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்சா அபதி குறையாது, சில பேருக்கு இன்னும் மந்தமாயிடும். ஒண்ணு மட்டும், ஆறேழு மாசமா இல்லாம ரெண்டு மூணு நாள்ல திடீர்னு சுருண்டு படுத்தாங்கன்னா அது வேற, யூரின் இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், சோடியம் குறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்ப பூ விஷயத்துக்கு வர்றேன். 'அத்தை, பூ கட்டறீங்களா?'ன்னு கேக்காதீங்க, 'வேணாம்'னுதான் வரும், ஏன்னா அந்தக் கேள்விக்கு யோசிச்சு முடிவெடுக்கறதே இப்ப அவங்களுக்கு மலை. பக்கத்துல உக்காந்து தட்டுல கொஞ்சமா பூவை வச்சு, நாரை அவங்க விரல்ல கோர்த்து, முதல் முடிச்சை அவங்க கையைப் பிடிச்சு நீங்களே போட்டுவிடுங்க. ரெண்டாவது முடிச்சு தானா வர சான்ஸ் இருக்கு, பல வருஷம் கட்டின விரலாச்சே. பழைய டிவிஎஸ் 50 மாதிரிதான், தள்ளி விட்டா கொஞ்ச தூரம் ஓடும், நின்னா மறுபடி தள்ளணும். பூ கோணலா இருந்தா அவிழ்த்துத் திருப்பிக் கட்டாதீங்க, அப்படியே சாமி படத்துக்குப் போடுங்க. தினமும் அதே நேரம், பத்து நிமிஷம் போதும். பிடிச்ச பழைய பாட்டு ஓடினா இன்னும் நல்லது.

மருந்து கேப்பீங்க. டோனெபெசில்ல இதுக்கு கொஞ்சம்தான் பலன் கிடைக்கும். மெத்தில்ஃபெனிடேட்னு ஒண்ணு, 2021ல வந்த ஒரு ஆய்வுல 200 அல்சைமர் நோயாளிகள்ல பாதிப்பேருக்குக் கொடுத்துப் பாத்தப்ப அபதி ஓரளவு குறைஞ்சுது. ஆனா இதயத்துடிப்பு, பிபி, பசி எல்லாத்தையும் பாத்து நரம்பியல் டாக்டரோ மனநல டாக்டரோதான் முடிவு பண்ணணும், கடைல கேட்டு வாங்கற சமாசாரம் இல்ல.

அப்புறம், நாத்தனார் அடுத்த தடவை வரும்போது அந்தப் பூத்தட்டை அவங்க கையில கொடுத்துட்டு நீங்க ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வாங்க.