எதையும் எரிக்காத நெல்வயலுக்குக் கார்பன் தடம் எப்படி வருகிறது?

கார்பன் தடம் என்பது புகையை மட்டும் அளப்பதன்று. ஒரு பொருளால் வெளியாகும் எல்லாப் பசுமைக்குடில் வாயுக்களையும், அவற்றின் வெப்பமூட்டும் திறனுக்கேற்பக் கரியமில வாயுவின் எடையாக மாற்றிக் கூட்டிய தொகையே அது. நெல்வயலில் தேங்கி நிற்கும் நீர் மண்ணுக்குள் ஆக்சிஜன் செல்வதைத் தடுப்பதால், அங்குள்ள நுண்ணுயிர்கள் மட்கும் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு கிலோ மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆனால் அது வளிமண்டலத்தில் சராசரியாக 12 ஆண்டுகளே தங்குவதால், இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

இதற்காக உழவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று என்றே கருதுகிறேன். நெல் கோடிக்கணக்கானோரின் உணவு. இளநாற்றை இடைவெளிவிட்டு நட்டுக் குறைந்த நீரில் வளர்க்கும் திருந்திய நெல் சாகுபடியில் நம் உழவர்கள் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனம், அதாவது வயல்நீர் வடிந்து மண்ணில் மெல்லிய வெடிப்பு தோன்றிய பின் மீண்டும் நீர் பாய்ச்சுவது, மண்ணுக்குள் காற்றை விட்டு மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கிறது, நீரும் மிச்சமாகிறது. காய்ச்சலின்போது மற்றொரு பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடக்கூடும் என்பதால், அதற்கு மூலமான தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அளவறிந்து இட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.