போட்டோ மாறினால் பதிலும் மாறும்: ஏஐயிடம் புடவைக் கலர் கேட்பது எப்படி?

கேள்வி: நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. உயரம் 5 அடி 1 அங்குலம், சற்றுப் பருமன். வைகாசியில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். எனக்கு எந்தக் கலர் பொருந்தும் என்று போட்டோ போட்டு ஏஐயிடம் கேட்டேன். ‘நீங்கள் ஆட்டம் (இலையுதிர் காலம்) வகை, செங்கல், கடுகு மஞ்சள், காப்பிக் கலர் எடுங்கள்’ என்றது. இரண்டு நாள் கழித்து வேறொரு போட்டோ போட்டால் ‘வின்டர் (குளிர்காலம்) வகை, ராயல் ப்ளூ, வாடாமல்லி’ என்கிறது. என் சித்தியோ, கறுப்பா இருக்கிறவங்களுக்கு வாடாமல்லி எடுப்பா இருக்காது என்கிறார். பர்கூருக்குப் போய்ப் புடவை எடுக்க வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் ஏஐயை விட்டுவிட்டு அந்த இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ட்யூப் லைட்டில், இன்னொன்று பகலில் எடுத்ததாக இருக்கும். ஏஐக்குக் கிடைப்பது போட்டோவில் பதிந்த நிறம் மட்டும்தான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு எல்இடி ட்யூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். வெள்ளையில் நீலம் தூக்கலாக இருக்கும். மஞ்சள் பல்பு 2700 கெல்வின் அளவில் இருக்கும். எது வெள்ளை என்று போன் கேமரா தானாக ஊகித்து மற்ற நிறங்களைச் சரிசெய்கிறது. பின்னால் ரோஸ் சுவரோ பச்சைச் சுவரோ இருந்தால் அந்த ஊகம் தப்பும். செல்ஃபி கேமராவில் பியூட்டி மோடும் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். சருமத்தை வழவழப்பாக்கி, ஒரு படி வெளுக்க வைத்துவிட்டுத்தான் படத்தைக் கையில் கொடுக்கும்.

அதனால் போட்டோவைத் திரும்ப எடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில், நேர் வெயில் படாத நிழலில் நில்லுங்கள். பின் கேமராவில், நாலைந்து அடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கும் கன்னமும் பெரிதாகத் தெரியும். பவுடர், லிப்ஸ்டிக் வேண்டாம். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் முக்கியம். படத்தில் அது நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் உங்கள் முகமும் அதே அளவுக்கு மாறிப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

அடுத்தது, இந்த ஆட்டம், வின்டர் விவகாரம். மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்து ஆளுக்கொரு வண்ணப் பட்டியல் கொடுக்கும் முறை அமெரிக்காவில் 1980களில் பரவலானது. பொன்னிற முடி, செம்பட்டை முடி, நீலக் கண், பச்சைக் கண் என்று ஆளுக்கு ஆள் வேறுபடும் ஊருக்கு அது ஓரளவு பொருந்தலாம். நம் ஊரில் பெரும்பாலோருக்குக் கறுப்பு முடி, அடர் பழுப்புக் கண். அந்தச் சல்லடையில் போட்டால் முக்கால்வாசிப் பேர் ஆட்டத்திலோ வின்டரிலோதான் விழுவார்கள். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வகையைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வதும் நம் சருமத்துக்கு அவ்வளவாக உதவாது. நரம்பே சரியாகத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

‘நான் என்ன வகை?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஏஐ ஓரளவு உருப்படியாகச் செய்வது ஒப்பிடும் வேலையைத்தான். பீரோவைத் திறந்து ஆறேழு புடவை, துப்பட்டா எடுங்கள். ஒரு அரக்கு, ஒரு பாட்டில் பச்சை, ஒரு மாம்பழ மஞ்சள், ஒரு சந்தனம், ஒரு காப்பிக் கலர், ஒரு வாடாமல்லி என்று விலகி விலகி இருக்கட்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழ மஞ்சள் என்றால் பங்கனப்பள்ளியா செந்தூராவா என்று சண்டை வரும். கையில் இருப்பதை எடுங்கள். ஒவ்வொன்றையும் தோளில் போட்டு, முகவாய்க்குக் கீழே வருகிற மாதிரி, அதே இடத்தில், அதே பத்து நிமிடத்துக்குள் படம் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்:

‘இந்தப் படங்களில் கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் உள்ள கருமை எதில் அதிகமாகத் தெரிகிறது, எதில் குறைவாகத் தெரிகிறது? முதலில் கண்ணுக்குப் படுவது எதில் முகம், எதில் துணி? வரிசைப்படுத்தி, காரணம் சொல். என்னைச் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்ற நோக்கம் எனக்கு இல்லை. பாராட்டு வேண்டாம்.’

கடைசி இரண்டு வரியைத் தவறாமல் சேருங்கள். கொஞ்சம் வெளுத்துத் தெரிவதுதான் அழகு என்ற பேச்சு இணையம் முழுக்கக் கிடக்கிறது. அதைப் படித்து வளர்ந்த ஏஐயும் அதையே திருப்பிச் சொல்லக்கூடும். படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் மென்பொருள்கள் கறுத்த சருமத்தில் தடுமாறியதற்குக் கணக்கே இருக்கிறது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. அது வேறு வேலை, அதன் பிறகு மென்பொருள்களும் மாறிவிட்டன. ஆனாலும் உங்கள் நிறத்தைப் பற்றி ஏஐ அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

பதில் வந்ததும் புதிதாக ஒரு சாட் திறந்து, அதே படங்களை வரிசை மாற்றிப் போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு முறையும் மேலே வந்த நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாறி வந்தவை வெறும் ஊகம்.

சரி, துணியின் நிறம் முகத்தை எப்படி மாற்றுகிறது? இதற்கு விடை பாரிஸில் ஒரு சாயப்பட்டறையில் கிடைத்தது. கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது என்று அவர் கண்டுபிடித்தார். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர் நிறத்தின் பக்கம் தள்ளும். பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் சருமத்தின் செம்மை தூக்கித் தெரிவது அதனால்தான். இதோடு, பளிச்சென்ற துணியில் பட்ட வெளிச்சம் கழுத்திலும் முகவாயிலும் அதன் சாயலைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் சேர்ந்துதான் ‘இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு’ என்று நாம் சொல்வது.

உங்கள் சித்தி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடர்ந்த சருமத்துக்கு வாடாமல்லி, ராயல் ப்ளூ, ராமர் பச்சை மாதிரி அழுத்தமான நிறங்கள் நன்றாகவே நிற்கும். காலை வாருவது சருமத்தின் நிறத்துக்கே நெருங்கி வரும் செங்கல், காப்பி, மங்கலான பழுப்பு போன்றவைதான். முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். ஏஐ முதல் நாள் சொன்ன பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். இருந்தாலும் உங்கள் வாசல் வெளிச்சத்தில் எடுத்த படம் வேறு மாதிரி சொன்னால் படத்தையே நம்புங்கள்.

இனி பர்கூர். வரிசையாகக் கடைகள் இருக்கும், புடவையை மலை மாதிரி பிரித்துப் போடுவார்கள், எல்லாம் வெள்ளை விளக்கில் மின்னும். மூன்று நிறத்தை முடிவு செய்துகொண்டு போங்கள். அவற்றைக் கலர் பெயராகச் சொல்வதைவிட, வீட்டுப் புடவை போட்டு எடுத்த படத்தைக் காட்டினால் கடைப் பையன் சட்டென்று எடுத்துப் போடுவார். பட்டிலும் சாஃப்ட் சில்க்கிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில் கழுத்து போன்ற புடவைகள் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம் அடிக்கும். ஒரு போட்டோவில் ஒரு கோணம்தான் பதியும். ஏஐயும் அந்தக் கோணத்தை வைத்தே பேசும். இந்த ரகத்தை அதனிடம் கேட்கவே வேண்டாம். தோளில் போட்டுக் கடை வாசலுக்கு வந்து, தங்கையை நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

புடவை கட்டியது போலப் படம் செய்து தரும் ஏஐ வசதிகளை நிறம் பார்க்க நம்பாதீர்கள். இடுப்பைச் சிறுத்து, சருமத்தை வெளுத்து, சில சமயம் முந்தானையை வலது தோளில் போட்டுக்கூடக் காட்டும். பார்டர் அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் உயரத்துக்குச் சாண் அகல பார்டர் உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும். நாலு விரல் பார்டர் போதும். விறைப்பாக நிற்கும் டிஷ்யூ, ஆர்கன்சா வகைகள் உடம்பை உப்பிக் காட்டும். துணி எப்படி விழும் என்பது போட்டோவில் தெரியாது, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

முகப் படத்தைப் பேர் தெரியாத ஆப்களில் ஏற்றாதீர்கள். பெரிய சாட் ஆப் என்றாலும், உங்கள் தரவை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிப்பது பற்றிய அமைப்பு பெரும்பாலும் செட்டிங்ஸில் இருக்கும். அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். தங்கை படத்தைப் போடுவதானால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிளவுஸ் பிட் எடுக்கும்போதும் வாசலுக்கு வர வேண்டும். வேறு வேறு சாயத்தில் தோய்த்த இரண்டு துணிகள் சில சமயம் கடை விளக்கில் அச்சாக ஒன்றாகத் தெரியும், வெயிலில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நிச்சயதார்த்தம் மாலையில் என்றால், வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் பல்புக்குக் கீழேயும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டே டெய்லரிடம் கொடுங்கள். பிட்டை வெட்டிவிட்டால் கடையில் மாற்றித் தர மாட்டார்கள்.